கோடை உற்சவமும் கேட்டவர் பட்ட பாடும்

குருநாகலிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தம்புள்ளைக்குச் சற்று முன்னே, பிரயாணிகள் தேநீருக்காகவும் கால் நீட்டுவதற்காகவும் இறங்கி ஏறும் கலேவெல என்னும் சிறுநகரம் சங்கீதத்தினால் பெயர் பெற்ற ஊரன்று. நெல்லும் தெங்கும் பெரிய வெங்காயமுமே அதன் கீர்த்தி. ஆயினும், பெரும்போக அறுவடை முடிந்து களங்கள் ஒழியும் மாசி மாதம் தொடங்கி, கச்சான் காற்று வீதிப் புழுதியை வாரிக் கடைகளுக்குள் இறைக்கும் வைகாசிக் கடைசி வரையில், அவ்வூரில் குடியிருக்கும் ஒருவன் மாத்தளை ஜில்லாவுக்குள் எந்தப் பக்கமாகப் புறப்பட்டாலும், ஏதேனும் ஒரு திருவிழாவின் வாத்திய கோஷம் அவனை எதிர்கொள்ளாமல் இராது. தம்புள்ளைக்குப் போய் அங்கிருந்து நாவுல, நாலந்தா வழியாகவோ, அல்லது பல்லேபொல வழியாக உட்பாதையிலோ மாத்தளையை அடைந்தால் முத்துமாரியம்மனுடைய தேர்; அதற்கு மேலே மலைச்சரிவுத் தோட்டங்களில் காமன் கூத்து; ஊருக்கு அணித்தான வஹாக்கோட்டையில் அந்தோனியார் திருநாள். மேனாட்டார் வேனிற்காலத்தில் புல்வெளிகளில் கூடாரம் அடித்து நாட்கணக்காகச் சங்கீதம் கேட்பதைப் பெரிய விசேஷமாக எழுதுகிறார்கள். நம் பிரதேசத்தில் அந்தச் சம்பிரதாயத்துக்குச் சீட்டு விற்பனை ஒன்றுதான் இல்லாதிருந்தது.

திருவிழாச் சங்கீதத்தின் இன்பத்தைப் பற்றி எழுதியோர் பலர். அதைக் கேட்கப் போனவர்கள் பட்ட பாட்டைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. இன்பம் எக்காலத்திலும் ஏறக்குறைய ஒரே தன்மையது. நல்ல நாதசுரத்தைக் கேட்டு மெய்மறந்தவனுடைய அனுபவம் நூறு வருஷத்துக்கு முன்னும் இன்றும் பெரிதாக மாறியிருக்க நியாயமில்லை. தொந்தரவுகளோ காலத்துக்குக் காலம் மாறுகின்றன. ஒரு தலைமுறையைக் கொள்ளைநோயும், அடுத்ததைத் தோட்டத் துரை ஆட்களைத் திரட்டி எண்ண அடித்த பெரட்டு மணியும், அதற்கடுத்ததைக் குழாய் ஒலிபெருக்கியும், பின்னொன்றை ஊரடங்குச் சட்டமும் வாட்டின. ஆகையால், ஓர் ஊரின் சரித்திரத்தை அதன் வித்துவான்களின் புகழிலே தேடுவதைக் காட்டிலும், அதன் ரசிகர்களுடைய முறைப்பாடுகளிலே தேடுவது அதிகப் பலன் தரும் என்பது என் அபிப்பிராயம்.

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பாதையில் தமிழ் வாத்தியம் முதன்முதலாகப் பெருவாரியாக ஒலித்தது உற்சவத்துக்காக அன்று. 1820களில் கண்டிச் சீமையில் வெள்ளைக்காரர் கோப்பி பயிரிடத் தொடங்கி, அடுத்த இருபது வருஷங்களில் அது ஒரு வெறியாகவே பெருகியபோது, திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிய ஜனங்கள், தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டினூடே மதவாச்சி, மிகிந்தலை, திறப்பனை, தம்புள்ளை, நாலந்தா என்று ஏறத்தாழ 130 மைல் தூரம் கால்நடையாகவே மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் இல்லாத கோடையில் ஏரிகளின் அடியிற் கிடந்த சேற்று நீரைக் குடித்து வாந்திபேதியில் விழுந்தவர்களும், குளிர் காய்ச்சலில் துவண்டவர்களும், கூட்டத்தினின்று பின்தங்கி விலங்குகளுக்கு இரையானவர்களும் அநேகர். 1840களில் மட்டும் எழுபதினாயிரம் பேர் மாண்டிருக்கலாம் என்று 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. அந்தத் தொகையைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் இன்றும் தர்க்கித்துக்கொண்டிருந்தாலும், அந்தப் பாதை பிணங்களால் அடையாளம் காணப்பட்ட பாதை என்பதில் தர்க்கம் இல்லை.

அப்படி வந்தவர்கள் மூட்டையோடு மூட்டையாகத் தப்பையும் உடுக்கையும் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்த வாத்தியத்துக்குத் தோட்டத்திலே முதலிற் கிடைத்த வேலை, இருள் பிரியுமுன் லயங்கள் என்னும் குடியிருப்பு வரிசைகளின் வாசலில் ஒலித்து ஆட்களைப் பெரட்டுக் களத்துக்கு எழுப்புவது. பின்னாளில் மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தம் எழுத்துக்களில் பதிவு செய்த தோட்டத்து விடியல் அந்த ஒலியினால் விடிவதே. ஆகவே, அந்த ஜனங்களுக்குத் தப்பு என்பது பகலில் அதிகாரத்தின் குரலாகவும் இரவில் தெய்வத்தின் குரலாகவும் இரட்டை வாழ்க்கை நடத்தியது. விடியலில் அதே ஒலியைக் கேட்டுச் சபித்துக்கொண்டு எழுந்தவன், மாசி மாதத்து இரவில் அதைக் கேட்டதும் ஆடினான். சங்கீத சாஸ்திரிகள் இதைப் பற்றி ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

கோடைக் காலமே மாரியம்மனுக்கு உரிய காலம். வைசூரியும் வாந்திபேதியும் தலையெடுக்கும் காலத்தில் அவற்றின் அதிதேவதையை வேப்பிலையும் கூழும் வாத்தியமும் கொண்டு குளிர்விப்பது தமிழ்நாட்டுக் கிராமங்களின் பழைய வழக்கம். நோயின் வழியாகவே நடந்து வந்தவர்களுக்கோ அது வழக்கமாக மட்டும் இருக்க முடியாது. மாத்தளை நகரத்து முத்துமாரியம்மன் கோவில் 1874இல் எழுந்ததாகச் சொல்லப்படுகிறது. மன்னாரிலிருந்து வந்த அந்த வடபாதையில் பிழைத்து வந்தவர்கள் இளைப்பாறி, இனி எந்தத் தோட்டத்துக்கு என்று பிரிந்து போகும் வாசலாக அந்நகரம் இருந்ததை நினைத்துப் பார்த்தால், அங்கே மாரியம்மன் குடிகொண்டதற்கு ஸ்தல புராணம் எழுத வேண்டிய அவசியம் இல்லை என்று தோன்றும். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. அது கோப்பியை இறக்குவதற்காகப் போட்ட பாதை என்றாலும், கோப்பி அதற்குள் இலை நோயினால் செத்துக்கொண்டிருந்தபடியால், திருவிழாவுக்கு ஜனங்களைக் கொண்டுவந்து இறக்கும் புண்ணியமாவது அந்தப் பாதைக்குக் கிடைத்தது.

தோட்டங்களில் தனியாக வளர்ந்த உற்சவம் காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காமன் கம்பம் நட்டு, காப்புக் கட்டி, பௌர்ணமி வரையில் இரவுதோறும் பாடி ஆடி, கடைசி இரவில் ரதியும் காமனாகிய மதனும் வேஷம் புனைந்து லயம் லயமாக வலம்வந்து, சிவனுடைய நெற்றிக்கண் தீயில் மதனை எரித்து, ரதியின் ஒப்பாரியோடு விடியும் இக்கூத்தைப் பார்க்கப் போனவர்கள் அதை நாடகம் என்றோ கச்சேரி என்றோ பிரித்துச் சொல்வதில்லை. 'காமன் பார்க்கப் போனோம்' என்பார்கள். ஆயினும் அதன் உயிர் பாட்டிலும் தப்பிலுமே இருக்கிறது. கூத்து வாத்தியார் பரம்பரையாக வந்த கைப்பிரதியைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பிற் செருகியிருப்பார். அதை அவிழ்த்துப் பார்ப்பது கௌரவக் குறைவு. எதிரே தப்புக்காரர்கள் அரைவட்டமாக நிற்பார்கள். ஆட்டம் தொடங்குமுன் அவர்கள் வைக்கோலைக் கொளுத்தி, அந்தத் தீயைச் சுற்றிக் குந்தி, தப்பைத் தீக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்புவார்கள். பனியில் தொய்ந்திருந்த தோல் சூடேறி இறுகுவதை விரல் நுனியால் தட்டித் தட்டிக் காதோடு வைத்துப் பார்ப்பார்கள். கணீரென்ற அந்த நாதம் வந்ததும் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து, இடது கையில் மெல்லிய மூங்கில் சிம்புக்குச்சியும் வலது கையில் தடித்த அடிக்குச்சியுமாகத் தோளில் தப்பை ஏற்றிக்கொள்வார்கள். ஒரு மணி நேரத்துக்கொரு முறை பனி மறுபடி தோலைத் தளர்த்திவிடும். மறுபடி வைக்கோல், மறுபடி தீ. அந்த இடைவேளையில்தான் ஜனங்கள் தேநீர் குடிப்பதும், பிள்ளைகளுக்குப் பொரிகடலை வாங்குவதும், எந்த வீட்டுப் பெண்ணை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று தீர்மானிப்பதும்.

காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து பாட்டிலேயே வாதாடும் இலாவணி தமிழ்நாட்டில் பிரசித்தமானது. எரிந்த கட்சிக்காரர் புராணத்திலிருந்து ஒரு பிரமாணம் எடுத்து வீசினால், எரியாத கட்சிக்காரர் அதே புராணத்திலிருந்து இன்னொன்றை எடுத்து வீசுவார். எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாத ஜனங்கள் இத்தனை நுட்பமான தர்க்கத்தை விடிய விடியக் கேட்டு ரசித்தார்கள் என்பதை, அவர்களைப் பற்றி அறிக்கை எழுதிய உத்தியோகஸ்தர்களில் ஒருவராவது அறிந்திருந்தால், அந்த அறிக்கைகளின் நடை சிறிது வேறுபட்டிருக்கும்.

இனி, காமன் பார்க்கப் போனவர்கள் பட்ட பாடு. மாசிப் பகல் கொளுத்தினாலும் மாத்தளை மலையின் இரவு கொளுத்துவதில்லை. கம்பளியைத் தலையோடு போர்த்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தவனுக்கு மேலே பனியும் கீழே ஈரமும். முன்வரிசையில் நிற்பவன் வயிற்றிலே கள்ளும் தலையிலே பெரிய முண்டாசுமாக நிற்பான். அவனை உட்காரச் சொன்னால் சண்டை, சொல்லாவிட்டால் ரதியைக் காண முடியாது. மேற்பிரிவுத் தோட்டத்தாருக்கும் கீழ்ப்பிரிவுத் தோட்டத்தாருக்கும் உள்ள பழைய பகை, மதன் ஊர்வலம் எந்த லயத்துக்கு முதலிற் போவது என்ற பிரச்சினையில் வருஷம் தவறாமல் புதுப்பிக்கப்படும். எல்லாவற்றையும் விட, விடியற்காலை பெரட்டு இருந்தது. இரவெல்லாம் விழித்தவர்களுக்கு ஒரு நாள் விடுமுறை தருவதும் தராததும் துரையின் பிரியம். தராத தோட்டங்களில், வேஷத்தைக் கலைத்த கையோடு மதனும் சிவனும் அருகருகே நின்று பெயர் கொடுத்து மலைக்கு ஏற வேண்டியதுதான். உற்சவச் செலவோ செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் தலைக்கு இவ்வளவென்று பிடிக்கப்பட்ட வரி. கேட்கப் பிடிக்காதவனும் பணம் கொடுத்த ரசிகனே.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு துயரம் உண்டு. அது கேட்டவருடையதன்று, வாசித்தவருடையது. தப்புக்காரரின் தப்பு இல்லாமல் கொடியும் ஏறாது, சாவும் போகாது. ஆனால் அதை அடித்தவர், தாம் பிறந்த சாதி காரணமாக, கோவில் மண்டபத்துக்குள் நாதசுரம் முழங்கும்போது வெளிவீதியில் நின்றார். இந்தக் கோடை உற்சவங்களின் சரித்திரத்தை இனிமையாக எழுத முயல்கிற எவரும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவதையே கண்டிருக்கிறேன். எழுத்தாளர் மாத்தளை வடிவேலன் முதலானோர் மலையகத்தின் பாரம்பரியக் கலைகளை ஏட்டில் ஏற்றத் தொடங்கிய பிறகே, தப்பு ஒரு கலையாகவும் அதை அடிப்பவர் கலைஞராகவும் மேடையில் அழைக்கப்பட்டனர். அழைத்த பின்னும் அவருக்கு நாற்காலி போடுவதற்குச் சில வருஷங்கள் சென்றன.

மாத்தளைத் தேர் மற்றொரு தோரணை. மாசி மகத்தையொட்டிப் பஞ்ச ரதங்கள் வீதிக்கு வரும் அந்தத் தினத்தில், பறவைக் காவடிகளின் அலகுகளும் கற்பூரப் புகையும் ஒருபுறமிருக்க, காது உள்ளவன் தேடிப் போவது நாதசுரத்தையும் தவிலையுமே. மலைநாட்டுக் கோவில்களுக்கு யாழ்ப்பாணத்து மேளகாரர்களை அழைப்பது நெடுநாள் வழக்கம். யாழ்ப்பாணத்தின் இணுவிலும் அளவெட்டியும் இசை வேளாளர் குடும்பங்களால் நிறைந்த ஊர்கள். நாதசுரத்தில் அளவெட்டி என். கே. பத்மநாதன், தவிலில் 1975இல் நாற்பத்தொரு வயதிலேயே மறைந்த தெட்சணாமூர்த்தி ஆகியோருடைய காலத்தில், ஈழத்து மேளத்தைத் தஞ்சாவூர் ஜில்லாவே வியந்து கேட்டது. தமிழ்நாட்டு நாதசுர வித்துவான்கள் தெட்சணாமூர்த்தியின் தவிலுக்காகக் காத்திருந்தார்கள் என்றால், யாழ்ப்பாணத்துக் கோடைத் திருவிழாக்களில் ஜனங்கள் சுவாமி இருப்பிடத்துக்குத் திரும்பியதையும் கவனியாமல் விடியும் வரை வெளிவீதியில் தவிற்சமாவைக் கேட்டிருந்தார்கள் என்பதில் வியப்பில்லை. அந்த ஒலியின் ஒரு கிளையே ரயிலேறி மாத்தளைக்கும் வந்தது.

திருவிழாவில் சங்கீதமும் ஆட்டமும் மிஞ்சிப் போய்ப் பக்தி குறைகிறது என்ற முறைப்பாடு புதிதென்று எண்ண வேண்டாம். யாழ்ப்பாணத்து ஆறுமுகநாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நல்லூர்க் கந்தசாமி கோவில் உற்சவத்தில் நடந்த பொதுமகளிர் நடனத்தைக் கண்டித்துக் கடுமையாக எழுதினார். அவர் எழுதிய பின்னும் சின்னமேளம் எனப்பட்ட அந்த நடனம் அநேக தசாப்தங்கள் நடந்தது. அதைப் பார்க்கப் போனவர்களில் நாவலர் பெயரை வணங்கியவர்களே அதிகம். ரசிகனுடைய மனச்சாட்சிக்கும் அவனுடைய கால்களுக்கும் இடையே உள்ள தூரம் மாத்தளையிலும் அவ்வளவே.

ஒலிபெருக்கி வந்தது நாவலர் காலத்துக்குப் பிறகு. மாமரத்திலும் தந்திக் கம்பத்திலும் கட்டப்பட்ட இரண்டு குழாய்கள், ஒரு பெட்டி இசைத்தட்டு, ஒரு பெட்டரி, இவற்றோடு வந்து இறங்கிய ஒலிபெருக்கிக்காரர், கோவில் தர்மகர்த்தாவைக் காட்டிலும் அதிக அதிகாரம் உடையவரானார்; காலை நான்கு மணிக்கு ஊரைச் சுப்ரபாதத்தால் எழுப்புவதும், பகலெல்லாம் பக்திப் பாடல் என்ற பெயரில் தமக்குப் பிடித்த சினிமாப் பாட்டைப் போடுவதும், 'சிவப்புச் சட்டை போட்ட ஐந்து வயதுப் பையன் ஒருவன் இங்கே அழுதுகொண்டிருக்கிறான்' என்று அறிவிப்பதும் அவருடைய இஷ்டம். நாதசுரக்காரர் ராக ஆலாபனையில் மத்திம காலத்தைத் தொடும் சமயம் பார்த்து அன்னதான அறிவித்தல் வரும். இந்தத் தொந்தரவை நான் வெறுக்கிறேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால், இலங்கை வானொலியைக் கேட்பதற்கு வீட்டில் பெட்டி இல்லாத லயத்துப் பிள்ளைகள், டி. எம். சௌந்தரராஜனையும் சீர்காழி கோவிந்தராஜனையும் முதன்முதலிற் கேட்டது அந்தத் தகரக் குழாயிலேதான் என்பதும், அப்படிக் கேட்டவர்களிற் சிலரே பின்பு பாடகராயினர் என்பதும் உண்மை. தொந்தரவுக்குப் பிறந்த பிள்ளை எப்போதும் தொந்தரவாகவே இருப்பதில்லை.

1983 ஜூலை இனக்கலவரத்தில் மாத்தளைக் கோவிலும் தேர்களும் தீக்கிரையாயின. அதைத் திரும்பக் கட்டினார்கள். 108 அடி உயரத்து இராஜகோபுரம் இப்போது கண்டி யாழ்ப்பாணப் பெருவீதியில் வெகு தூரத்திலிருந்தே தெரிகிறது. கிளர்ச்சியினால் வந்த ஊரடங்குக் காலங்களில், 1988, 1989 வருஷங்களில் குறிப்பாக, இரவு உற்சவம் என்பதே இந்த ஜில்லாவில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எவருக்கும் இல்லாமற் போயிற்று. அந்த வருஷங்களைப் பற்றி இங்கே விரித்துரைக்க நான் விரும்பவில்லை.

கலேவெலக்காரருக்குத் தேரும் காமனும் பஸ் ஏறிப் போய்க் கேட்கும் சங்கீதம். வஹாக்கோட்டையோ வீட்டுச் சங்கீதம். கலேவெலப் பிரதேசத்துக்குள் அடங்கிய இந்தச் சிங்களக் கத்தோலிக்கக் கிராமத்தின் கதை விசித்திரமானது. கண்டி அரசர்கள் போரிற் பிடித்த போர்த்துக்கீசச் சிப்பாய்கள் இங்கே குடியேற்றப்பட்டு, உள்ளூர்ப் பெண்களை மணந்து, சிங்களம் பேசும் விவசாயிகளாகி, விசுவாசத்தை மட்டும் விடாமற் காத்தார்கள் என்பது பரம்பரைச் செய்தி. கரையோரத்தில் ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடுத்திருந்த அக்காலத்தில், பௌத்த ராஜாக்கள் ஆண்ட கண்டியே கத்தோலிக்கருக்குப் புகலிடமாயிற்று. 1687இல் கோவாவிலிருந்து வந்து 1692இல் கண்டி புகுந்த யோசேப் வாஸ் அடிகளும், 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் அந்தப் புகலிடத்தில் நின்றே தீவெங்கும் வேலை செய்தனர். இவர்களில் கொன்சால்வெஸ் அடிகளாருக்குச் சங்கீத சரித்திரத்தில் ஓரிடம் உண்டு. கொங்கணி பேசிப் பிறந்த அவர் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். அவர் தமிழில் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படுவது, மன்னார் முதலிய கத்தோலிக்க ஊர்களில் இன்றும் ஒழியாத வழக்கம். உச்சி வெயிலிற் கோவிலுக்குள் முழந்தாளிட்டு அந்த நீண்ட புலம்பலைக் கேட்பது தவமா இன்பமா என்று கேட்டால், கேட்டவர்கள் இரண்டும் என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் கண்டி அரசும் கத்தோலிக்கரைக் கைவிட்டபோது, குருமார் இல்லாமலே வஹாக்கோட்டையார் அந்தோனியார் சொரூபத்தைக் காத்து வைத்திருந்தனர். அயலில் இருந்த பௌத்தர்களும் அதற்கு நேர்ந்துகொண்டனர்.

ஜூன் மாதத்தில் அந்தோனியார் திருநாள் வருகிறது. கொடியேற்றி நவநாள் தொடங்கியதுமே, கண்டி, நுவரெலியா, மாத்தளைத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் கத்தோலிக்கரும், அவர்களோடு மாலை போட்ட இந்துக்களும், கரையோரத்திலிருந்து சிங்களவரும் பானை சட்டியோடு வந்து, மரநிழலிலும் லொறிகளின் அடியிலும் பாய் விரித்துக் குடியேறுகிறார்கள். இங்கே சங்கீதத்துக்கு மேடை இல்லை. வேஸ்பர் என்னும் மாலை ஆராதனையின் போதும், சொரூபப் பவனியின் போதும், சிங்களக் கீதம் ஓர் அடி போனதும் தமிழ்ப் பாட்டு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். ஒரே இராகத்துக்கு இரண்டு பாஷைச் சாகித்தியம் இருப்பதால், பின்வரிசையில் நடப்பவர்கள் தத்தம் பாஷையில் ஒரே சமயத்தில் பாடுவதும் உண்டு. பாண்டு வாத்தியக்காரர்களுடைய எக்காளம் இரண்டையும் சேர்த்து அமுக்கிவிடும். சுருதி சுத்தம் பார்ப்பவனுக்கு இது நரகம். அப்படிப்பட்டவன் கச்சான் காற்றுக்கு முதுகைக் காட்டி, வாயைக் கைக்குட்டையால் மூடி, மெழுகுவர்த்திப் புகையில் கண் எரிய, கூட்டம் தள்ளிய பக்கம் நகர்ந்துகொண்டிருந்தும், பவனி முடிவதற்கு முன் வீடு திரும்பியதை நான் கண்டதில்லை.

தண்ணீர்த் தட்டுப்பாடும், மலசலகூட வரிசையும், திரும்பிப் போகும் கடைசி பஸ்ஸில் இடம் பிடிக்கும் யுத்தமும் எல்லா மதத்தாருக்கும் பொது. அந்த யுத்தத்தில் தோற்றவர்களுக்குப் பிளேன்டீயும் ரொட்டியும் கொடுத்து விடியும் வரை பெஞ்சில் இருக்க விடுவது கலேவெலச் சந்தியின் முஸ்லிம் கடைக்காரர்கள். தமிழே வீட்டு மொழியாகிய அவர்களுக்கும் பக்கீர் பாவாக்களின் றபான் என்னும் தோற்பறையும் பைத் என்னும் பக்திப் பாட்டும் உண்டு. அதைக் கேட்க மற்றவர்கள் போவது இப்போது குறைந்துவிட்டது.

இக்காலத்து இளைஞருக்குக் கோடைச் சங்கீதம் என்றால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி விளையாட்டு மைதானங்களில் நடக்கும் இசைக்குழு நிகழ்ச்சியே. பைலாவின் தாளம் போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற எச்சம் என்று பண்டிதர்கள் சொல்வது மெய்யானால், வஹாக்கோட்டைச் சிப்பாய்களின் பேரப்பிள்ளைகள் அதற்கு ஆடுவதில் குற்றம் காண வழியில்லை. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் அந்தத் தாளத்தில் தமிழ் பாடி இரண்டு இனத்தாரையும் ஆட வைத்த காலத்தை மூத்தவர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். லொறி உயரத்துக்கு அடுக்கிய ஒலிப்பெட்டிகளின் முன்னே நின்றவனுக்குப் பாட்டு காதில் விழுவதில்லை, விலாவில் விழுகிறது. அதற்குப் பழைய தகரக் குழாயே தேவலை என்று சொல்லும் வயது எனக்கு வந்துவிட்டது.

இரவில் தூக்கம் கெட்டவனுடைய முறைப்பாடு ஒருநாள் நீதிமன்றமும் ஏறியது. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கியைப் பற்றி எழுந்த வழக்கில், 2007 நவம்பரில் உயர்நீதிமன்றம், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று எல்லா மதத்தாருக்கும் பொதுவாக வரையறுத்து, விசேஷ வைபவங்களுக்கு மாத்திரம் சிறிது தளர்வு வைத்தது. வேண்டாதவன் காதில் எவரும் பலவந்தமாக ஓசையைத் திணிக்கும் உரிமை இல்லை என்பது அதன் சாரம். நியாயமான தீர்ப்பு, அதை நான் வரவேற்றேன். ஆனால் விடியப்புறத்தில் எரிய வேண்டிய மதனுக்கு அது ஒரு சங்கடத்தை உண்டாக்கிற்று. ஒலிவாங்கிக்குப் பழகிவிட்ட கூத்து வாத்தியாரின் குரல், அது இல்லாமல் நான்காவது வரிசையைத் தாண்டுவதில்லை. பெருந்தொண்டையோடு பாடிய பழைய வாத்தியார்களோ அநேகமாகக் காலமாகிவிட்டார்கள். ஆகவே, மதனைப் பத்து மணிக்குள்ளேயே எரித்துவிடுவோம் என்போர் ஒரு கட்சியும், விசேஷ அனுமதிக்கு விண்ணப்பம் எழுதுவோம் என்போர் ஒரு கட்சியும், ஒலிவாங்கியே வேண்டாம், தப்பு போதும் என்போர் ஒரு கட்சியுமாகத் தோட்டத்துக் கமிட்டிகள் பிரிந்து நிற்பதற்கு இப்போது புராணப் பிரமாணங்கள் தேவைப்படவில்லை. பொலீஸ் நிலையத்து அனுமதிப் பத்திரத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நிபந்தனைகளே போதுமாயிருக்கின்றன.